ரஷ்யப் பெண் பெயர்கள்: பொருளும் அழைக்கும் முறையும்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ கதையில், பீட்டர்ஸ்பர்க் நகரக் கால்வாய்க் கரையில் சந்தித்த பெண்ணிடம் கதைசொல்லி பெயர் கேட்கிறான். அவள் ‘நாஸ்தென்கா’ என்கிறாள். ‘அவ்வளவுதானா?’ என்று அவன் திரும்பக் கேட்கிறான். போதாதா என்று அவள் செல்லமாகக் கடிந்துகொள்ள, போதும், மிக அதிகம், முதல் தடவையிலேயே எனக்கு நாஸ்தென்கா ஆகிவிட்டீர்களே என்று அவன் நெகிழ்ந்துபோகிறான். தமிழில் முதன்முறை படித்தபோது இந்த இடத்தை நான் பொருட்படுத்தாமல் தாண்டிப் போனேன். ரஷ்ய மொழி கற்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே என்ன நடக்கிறது என்பது விளங்கியது. அப்பெண்ணின் முழுப்பெயர் அனஸ்தஸீயா. அதனோடு தந்தைவழிப் பெயரும் குடும்பப் பெயரும் சேர்த்துச் சொல்வதே முன்பின் அறியாதவரிடம் முறை. அவள் அவை மூன்றையும் விட்டுவிட்டு, வீட்டில் பாட்டி அழைக்கும் செல்லப்பெயரை ஓர் அந்நியனிடம் கொடுத்துவிடுகிறாள். அவனது நெகிழ்ச்சிக்கு அதுதான் காரணம்.

ரஷ்யப் பெண் பெயர்களின் பொருளைத் தேடுவோருக்கு நீண்ட பட்டியல்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே ‘உயிர்த்தெழுதல்’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டால் அந்தப் பெயரை அறிந்துகொண்டோம் என்று ஆகாது. பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது, எந்த வடிவத்தில் யார் யாரை அழைக்கிறார்கள், தமிழில் அதை எப்படி எழுதுவது என்பனவும் சேர்ந்தால்தான் பொருள் பயன்படும். ரஷ்ய நாவல்களைப் படிக்கத் தொடங்குபவர்கள், மருத்துவம் படிக்க அங்கே செல்லும் மாணவர்கள், மகளுக்கு ரஷ்யப் பெயர் வைக்க விரும்பும் பெற்றோர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: பெயரை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் நாயகியை எடுத்துக்கொள்வோம். அவள் முழுப்பெயர் நத்தாலியா இல்யீனிச்னா ரஸ்தோவா. இதில் நத்தாலியா என்பது இடுபெயர். இல்யீனிச்னா என்பது ‘இல்யாவின் மகள்’ என்று பொருள்படும் தந்தைவழிப் பெயர். ரஷ்ய மொழியில் இதற்கு ஓத்செஸ்த்வோ என்று பெயர். ரஸ்தோவா என்பது குடும்பப் பெயர். நாவல் முழுதும் நாம் கேட்கும் நத்தாஷா என்பது இம்மூன்றிலும் இல்லை. அது நத்தாலியாவின் சுருக்கம்.

தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்குத் தந்தைவழிப் பெயர் புதிதன்று. நாம் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைப்பதை அவர்கள் விகுதி சேர்த்துப் பின்னால் வைக்கிறார்கள். தந்தை இவான் என்றால் மகள் இவானொவ்னா. தந்தை செர்கேய் என்றால் செர்கேயெவ்னா. இல்யா, நிகீதா போல ஆகாரத்தில் முடியும் ஆண் பெயர்களுக்கு இல்யீனிச்னா, நிகீதிச்னா என்று வரும். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். நம் ஊரில் திருமணத்திற்குப் பிறகு பல பெண்களின் முன்னெழுத்து கணவர் பெயருக்கு மாறிவிடுகிறது. ரஷ்யாவில் குடும்பப் பெயர்தான் பெரும்பாலும் கணவருடையதாக மாறும். தந்தைவழிப் பெயர் அப்படியே இருக்கும். டால்ஸ்டாயின் இன்னொரு நாவலின் நாயகியான ஆன்னா அர்காத்யெவ்னா கரேனினாவின் பெயரில் கரேனினா என்பது கணவர் கரேனினிடமிருந்து வந்தது, அர்காத்யெவ்னா என்பது பிறந்த வீட்டிலிருந்து வந்தது.

குடும்பப் பெயரும் பெண்ணுக்கு ஏற்ப மாறும். ஒவ் என்பது ஒவா ஆகும், இன் என்பது இனா ஆகும், ஸ்கி என்பது ஸ்கயா ஆகும். ருக்மிணி தேவிக்கு நடனத்தில் ஆர்வம் பிறக்கக் காரணமாக இருந்த பாலே கலைஞர் ஆன்னா பாவ்லவாவின் குடும்பத்து ஆண்கள் பாவ்லவ் என்றே அழைக்கப்படுவார்கள். ஷெவ்சென்கோ போல ‘கோ’ என்று முடியும் பெயர்கள் இருபாலருக்கும் மாறாமல் நிற்கும். அலுவலக ஆவணங்களில் குடும்பப் பெயர் முதலிலும், இடுபெயர் அடுத்தும், தந்தைவழிப் பெயர் கடைசியிலும் வரும் என்பதையும் அறிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: வேர்மொழியைக் கண்டறியுங்கள்

ரஷ்யப் பெயர் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவற்றின் பொருள் ரஷ்ய மொழியில் இல்லை. கி.பி. 988இல் கீவ் நகர இளவரசர் விளதீமிர் கிறித்தவ மதத்தை ஏற்றபோது, கிரேக்க மொழி வழங்கிய பைசாந்தியத் திருச்சபையிலிருந்து புனிதர்களின் பெயர்களும் கூடவே வந்து சேர்ந்தன. அதற்கு முன்பே அவருடைய பாட்டி ஓல்கா ஞானஸ்நானம் பெற்று எலேனா என்ற பெயரை ஏற்றிருந்தார். ஓல்கா என்பது ‘புனிதமானவள்’ என்று பொருள்படும் ஹெல்கா என்ற ஸ்காண்டிநேவியப் பெயரின் திரிபு. எலேனா கிரேக்கப் பெயர். ரஷ்யர்கள் தம் வரலாற்றின் முதல் பெரும் பெண்ணாகக் கொண்டாடும் ஒருவரின் இரண்டு பெயர்களுமே அயல்மொழிப் பெயர்கள் என்பது வேடிக்கைதான்.

கிரேக்கப் பெயர்களே எண்ணிக்கையில் மிகுதி. இரீனா என்றால் அமைதி. நம் சாந்திக்கு நேரானது. ஸோயா என்றால் உயிர் அல்லது வாழ்வு. ஸோஃபியா என்றால் ஞானம். கலீனா என்பதும் அமைதிதான், ஆனால் அலையடங்கிய கடலின் அமைதி. அனஸ்தஸீயா உயிர்த்தெழுதலைக் குறிக்கும். எக்கத்தெரீனா என்ற பெயரைத் தூய்மை என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வது நீண்டகால வழக்கம். அதன் உண்மையான வேர் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அலெக்ஸாந்திரா மனிதரைக் காப்பவள், எவ்கேனியா நற்குடியில் பிறந்தவள், வஸிலீஸா அரசி, மர்கரீத்தா முத்து.

இவற்றுள் க்ஸேனியா, வர்வாரா என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். க்ஸேனியாவின் கிரேக்க வேர்ச்சொல் அயலவரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும். விருந்து என்ற நம் சொல் புதுமையைக் குறித்து, பிறகு புதிதாய் வந்தவரைக் குறித்து, அதன் பிறகே சாப்பாட்டைக் குறிக்க வந்தது அல்லவா, அது போன்ற ஒரு சொல். வர்வாராவும் அயலவள்தான், ஆனால் ‘நம் மொழி பேசத் தெரியாதவள்’ என்று கிரேக்கர்கள் சற்று இளக்காரமாகச் சொன்ன சொல்லிலிருந்து வந்தவள். இப்படி அகராதிப் பொருளை மட்டும் பார்த்தால் வர்வாரா என்று எவரும் மகளுக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். ஆனால் இன்று ரஷ்யப் பெற்றோர் மிகவும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று. அவர்கள் காதில் ஒலிப்பது புனித வர்வாராவின் பெயரும், பாட்டி காலத்துப் பழமையின் இனிமையும்தான். கிரேக்க அகராதி அன்று.

இலத்தீன் வழியே வந்தவற்றில் மரீனா கடலைச் சார்ந்தவள், விக்தோரியா வெற்றி, நத்தாலியா பிறந்தநாள் என்ற சொல்லிலிருந்து, குறிப்பாகக் கிறிஸ்து பிறந்த நாளோடு சேர்த்து, அமைந்த பெயர். வலெந்தீனா என்றால் வலிமையும் உடல்நலமும் கொண்டவள். 1963 ஜூன் 16 அன்று விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணான வலெந்தீனா விளதீமிரொவ்னா தெரெஷ்கோவாவால் உலகெங்கும் அறியப்பட்ட பெயர் இது. தமிழ்நாட்டுப் பொதுவுடைமைக் குடும்பங்களில் வாலண்டினா என்ற வடிவில் இன்றும் கேட்கலாம். தத்தியானா ஒரு பழைய ரோமானியக் குடும்பப் பெயரிலிருந்து கிளைத்தது. எபிரேயத்திலிருந்து வந்த ஆன்னாவுக்கு அருள் என்று பொருள். எலிஸவேத்தா இறைவன் பேரிலான சூளுரையைக் குறிக்கும். தமாரா என்றால் பேரீச்ச மரம். ஒலியை நம்பி அதற்குத் தாமரை என்று பொருள் சொல்லிவிடக் கூடாது.

மண்ணில் பிறந்த ஸ்லாவியப் பெயர்களும் உண்டு. ல்யுத்மீலா மக்களுக்கு இனியவள், ஸ்லாத்தா பொன், ஸ்னெஷானா பனி, பக்தானா கடவுள் தந்தவள். பக்தானாவுக்கும் நம் பக்திக்கும் உறவில்லை.

வேரா, நதேஷ்தா, லியுபோஃப் என்ற மூன்றும் தனி வகை. இவை பழம் புனிதர்களான மூன்று சகோதரிகளின் கிரேக்கப் பெயர்களை ஒலிபெயர்க்காமல் அப்படியே மொழிபெயர்த்து ஆக்கியவை. அவர்களின் தாயார் பெயர் மட்டும் ஸோஃபியா என்று கிரேக்கத்திலேயே நின்றுவிட்டது. செப்டம்பர் 30 இந்நால்வருக்கும் உரிய திருநாள். தமிழில் இவற்றின் பொருளை எழுதப் புகுவோர் ஓர் இடத்தில் இடறுவார்கள். வேராவுக்கும் நம்பிக்கை என்று எழுதத் தோன்றும், நதேஷ்தாவுக்கும் நம்பிக்கை என்றே எழுதத் தோன்றும். பல பட்டியல்களில் அப்படித்தான் இருக்கிறது. பழைய தமிழ் விவிலியத்தில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று வரும் மூன்று சொற்களை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். வேரா விசுவாசம், நதேஷ்தா இனி நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு, லியுபோஃப் அன்பு. மற்றப் பெயர்களைப் போலன்றி இம்மூன்றின் பொருளும் ரஷ்யக் குழந்தைக்கும் தெரியும். நமக்கு அன்பு, கண்மணி போன்ற பெயர்கள் எப்படியோ அப்படி.

ஸ்வெத்லானாவின் கதை இன்னும் சுவையானது. ‘ஒளி’ என்ற சொல்லிலிருந்து அமைந்த இப்பெயர் மிகப் பழையது என்று தோன்றும். உண்மையில் இது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர்கள் உண்டாக்கிய பெயர். 1813இல் வெளிவந்த ஷுகோவ்ஸ்கியின் கதைப்பாடல் ஒன்றின் வழியே புகழ் பெற்றது. புனிதர் அட்டவணையில் இல்லாததால் திருச்சபை இப்பெயரில் ஞானஸ்நானம் தர மறுத்தது. ஸ்வெத்லானா என்று அழைக்கப்பட்ட பெண்களுக்கு ஒளி என்றே பொருள்படும் ஃபொத்தீனியா என்ற கிரேக்கப் பெயர் கோவிலில் இடப்பட்டது. புரட்சிக்குப் பிறகு பெயர்ப்பதிவு கோவிலிடமிருந்து அரசு அலுவலகத்திற்கு வந்ததும் தடை நீங்கி, சோவியத் காலத்தின் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்றாக அது ஆயிற்று. 1926இல் பிறந்த ஸ்டாலினின் மகள் பெயரும் அதுவே.

அதே காலத்தில் அரசியல் ஆர்வத்தால் புதிதாகப் புனையப்பட்ட பெயர்களும் தோன்றின. விளதீமிர் லெனினைச் சுருக்கி விளத்லேனா, லெனினைத் திருப்பிப் படித்து நினேல், அக்டோபர் புரட்சியை வைத்து அக்த்யப்ரீனா, தீப்பொறி என்று பொருள்படும் ஈஸ்க்ரா. பட்டியல்களில் இவற்றுக்கு நிறைய இடம் கொடுக்கிறார்கள். ஆனால் இவை எக்காலத்திலும் அரிதாகவே வைக்கப்பட்டன.

பெயரைக் கொண்டே வயதை ஓரளவு ஊகிக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். கலீனா, நீனா, வலெந்தீனா, தமாரா என்றால் பெரும்பாலும் பாட்டியார். எலேனா, இரீனா, நத்தாலியா, ஓல்கா, தத்தியானா என்றால் நடுவயதைக் கடந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். மழலையர் பள்ளியில் இன்று ஸோஃபியாவும் வஸிலீஸாவும் அலீஸாவும் ஓடித் திரிகிறார்கள். பழம்பெயர்கள் திரும்பி வருவது ரஷ்யாவுக்குப் புதிதன்று. புஷ்கின் தம் ‘எவ்கேனி அனேகின்’ காவியத்தின் நாயகிக்குத் தத்தியானா என்று பெயரிட்டபோது, இந்தப் பெயரைக் கேட்டால் பழங்காலமும் பணிப்பெண்களின் அறையும்தான் நினைவுக்கு வரும் என்று தாமே கேலியாக எழுதினார். அந்த நாட்டுப்புறப் பெயர் அதன் பிறகு எல்லா வீடுகளிலும் நுழைந்தது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தைத் தொடங்கும் ஆணையில் 1755ஆம் ஆண்டு பேரரசி எலிஸவேத்தா கையெழுத்திட்டது புனித தத்தியானாவின் நாளில் என்பதால், ஜனவரி 25 இன்றும் மாணவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மூன்றாம் படி: சுருக்கத்தையும் செல்லப்பெயரையும் முழுப்பெயரோடு பொருத்துங்கள்

நாவல் வாசகர்கள் தடுமாறுவது இங்கேதான். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்னிகவின் தங்கை ஓரிடத்தில் தூன்யா, ஓரிடத்தில் தூனெச்கா, வெளியார் பேசும்போது அவ்தோத்யா ரமானொவ்னா. மூவர் அல்லர், ஒருவரே. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பென்சிலால் ஒரு சிறு அட்டவணை போட்டுக்கொள்வது நான் இன்றும் விடாத வழக்கம்.

ஒவ்வொரு முழுப்பெயருக்கும் ஏற்கப்பட்ட சுருக்கம் ஒன்றோ இரண்டோ இருக்கும். மரீயாவுக்கு மாஷா, தார்யாவுக்கு தாஷா, எக்கத்தெரீனாவுக்கு காத்யா, எலேனாவுக்கு லேனா, ஆன்னாவுக்கு ஆன்யா, ஓல்காவுக்கு ஓல்யா, ஸோஃபியாவுக்கு ஸோன்யா, தத்தியானாவுக்கு தான்யா, லியுபோஃபுக்கு லியூபா, நதேஷ்தாவுக்கு நாத்யா, எலிஸவேத்தாவுக்கு லீஸா, க்ஸேனியாவுக்கு க்ஸூஷா, மர்கரீத்தாவுக்கு ரீத்தா. அலெக்ஸாந்திராவின் சுருக்கம் ஸாஷா என்பதை ஊகித்தறிய முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதே ஸாஷா அலெக்ஸாந்தர் என்ற ஆணுக்கும் பொருந்தும். வலெந்தீனாவுக்கும் வலெந்தீனுக்கும் பொதுவான வால்யாவும் அப்படியே. இவர்கள் ஆணா பெண்ணா என்பது அடுத்து வரும் வினைச்சொல்லில்தான் தெரியும். அல்யோனா என்பது எலேனாவின் நாட்டுப்புற வடிவமாகத் தொடங்கி இன்று தனிப்பெயராகவே பதிவாகிறது.

சுருக்கத்தின் மேல் இன்னொரு அடுக்காக விகுதிகள் ஏறும். தான்யா என்பது இயல்பான அழைப்பு. தானெச்கா, தன்யூஷா என்றால் கொஞ்சல். தான்கா என்றால் கரடுமுரடு; அண்ணன் தங்கையிடமோ பள்ளித் தோழிகள் தமக்குள்ளோ சொல்லிக்கொள்ளலாம், மற்றவர் சொன்னால் ‘அடியே’ என்று கூப்பிட்டதற்குச் சமம். ஆகவே ‘கா’ என்று முடிந்தாலே செல்லம் என்று எண்ணிவிடக் கூடாது. நாஸ்தென்கா, காதென்கா போல ‘என்கா’ வந்தால் அன்பு. மாஷ்கா, காத்கா போல வெறும் ‘கா’ வந்தால் எச்சரிக்கை தேவை. ஓல்காவின் ‘கா’ இந்தக் கணக்கில் சேராது, அது பெயரின் உடலிலேயே உள்ளது. எதிரில் இருப்பவரைக் கூப்பிடும்போது கடைசி உயிரை விழுங்கிவிடும் வழக்கமும் உண்டு: மாஷா ‘மாஷ்!’ ஆவாள், லேனா ‘லேன்!’ ஆவாள்.

நான்காம் படி: யாரை எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விதி எளியது. ஆசிரியர், மருத்துவர், வயதில் மூத்தவர், மேலதிகாரி ஆகியோரை இடுபெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்த்து, நீங்கள் என்ற பன்மையில் அழைக்க வேண்டும். சக மாணவியரையும் நண்பர்களையும் சுருக்கப்பெயரால் அழைக்கலாம். முழு இடுபெயரை மட்டும் தனியே சொல்வது இரண்டுக்கும் இடைப்பட்டது. இன்றைய அலுவலகங்களில் அது பெருகி வருகிறது.

ரஷ்ய வகுப்பின் முதல் நாளில் எங்கள் ஆசிரியை தம்மை ‘இரீனா பெத்ரோவ்னா’ என்று அறிமுகம் செய்துகொண்டார். நான் பெத்ரோவ்னாவைக் குடும்பப் பெயர் என்று எண்ணி, ‘மேடம் பெத்ரோவ்னா’ என்று மூன்று வாரம் அழைத்துக்கொண்டிருந்தேன். இடுபெயரை விட்டுத் தந்தைவழிப் பெயரை மட்டும் சொல்வது, கிராமத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் கிழவியை உரிமையோடு கூப்பிடும் முறை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. நான்காவது வாரம் கரும்பலகையில் தம் முழுப்பெயரை எழுதி, எந்த இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கோடிட்டுக் காட்டினார்.

பேச்சில் இந்தத் தந்தைவழிப் பெயர்கள் சுருங்கிவிடும் என்பதையும் காது பழகிக்கொள்ள வேண்டும். இவானொவ்னா ‘இவான்னா’ என்று ஒலிக்கும். பள்ளிக்கூட நகைச்சுவைத் துணுக்குகளில் வரும் ஆசிரியையின் பெயரே ‘மார் இவான்னா’தான், மரீயா இவானொவ்னா என்பதை வேகமாகச் சொன்னால் அப்படி ஆகும்.

ஐந்தாம் படி: தமிழில் எழுதும்போது காதை நம்புங்கள்

ரஷ்ய மொழியின் தகரம் நம் தகரத்தைப் போலவே பல்லில் நாக்குப் பட்டுப் பிறப்பது. ஆங்கிலம் வழியே வருவதால் நடாஷா, டாட்டியானா, கேத்தரீனா என்றெல்லாம் எழுதி வந்திருக்கிறோம். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் வெளியிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியே நம் வீடுகளுக்கு வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளில் தகரமே இடம்பெற்றது; அந்த வழக்கத்தையே நானும் பின்பற்றுகிறேன். உயிர்களுக்கு இடையே தகரம் தனித்து நின்றால் தமிழில் மெலிந்து ஒலிக்கும் என்பதால் நத்தாஷா என்று இரட்டிக்க வேண்டியுள்ளது. இந்த விதியைக் காத்யாவுக்குப் பொருத்தினால் ‘கத்தியா’ என்றாகி, கையில் இருப்பது கத்தியா என்று கேட்டதுபோல ஆகிவிடும். ஆகையால் அங்கே விதியைத் தளர்த்துவதே அறிவுடைமை. ஆன்னாவையும் ஆகாரத்தில் தொடங்குவதே நல்லது. இல்லாவிட்டால் அவசரத்தில் அண்ணா என்று அச்சாகி, ஒரு பெண்மணி நம் வீட்டு அண்ணனாகிவிடுவார்.

ரஷ்யச் சொல்லில் ஓர் அசை மட்டும் அழுத்தம் பெறும். அதை நெடிலாக எழுதினால் ஒலிப்பு பெரும்பாலும் சரியாக அமையும். இரீனா, ஸ்வெத்லானா, வர்வாரா, வஸிலீஸா ஆகியவற்றில் நடுவே உள்ள நெடில்தான் அழுத்தம். ஈற்றில் உள்ள ஆகாரத்தை நாம் வழக்கத்தால் நெடிலாக எழுதினாலும் அவர்கள் குறுக்கியே ஒலிக்கிறார்கள். அழுத்தம் இல்லாத இடத்தில் ஒகரம் அகரமாக மெலியும்; அதனால் போலீனா என்று எழுதப்படுபவள் பேச்சில் பலீனா. லியுபோஃப் என்ற பெயரின் கடைசி எழுத்து வகரம். சொல்லின் ஈற்றில் அது ஃப் என்று ஒலிக்கிறது.

இன்னும் ஒரு பொறி உண்டு. நம் ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதப் பயன்படுத்தும் இஸட், எச் என்ற அதே இரு எழுத்துகளால்தான் ரஷ்ய மொழியின் ஓர் ஒலியையும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அது ழகரம் அன்று. ஷகரத்தைத் தொண்டை அதிரச் சொன்னால் வரும் ஒலி. எவ்கேனியாவின் சுருக்கத்தை ஷேன்யா என்றோ ஜேன்யா என்றோ எழுதலாம், ழேன்யா என்று எழுதினால் தவறு.

ஆறாம் படி: மகளுக்குப் பெயர் வைப்பதானால் சரிபார்க்க வேண்டியவை

முதலாவதாக, அது பெண் பெயர்தானா என்று பாருங்கள். ஆகாரத்தில் முடிந்தால் பெண் என்ற நம் எண்ணம் ரஷ்யாவில் செல்லாது. நிகீதா அங்கே ஆண் பெயர். சோவியத் தலைவர் குருஷ்சேவின் பெயர் அதுவே. இல்யா, மீஷா, வான்யா, கோல்யா அனைவரும் ஆண்களே. இந்தியப் பெயராக நிகிதா என்று வைப்பதில் குறையொன்றுமில்லை, ஆனால் ரஷ்யப் பெயர் என்று எண்ணி வைக்கக் கூடாது.

இரண்டாவதாக, சான்றிதழில் முழுப்பெயரைப் பதிந்து, சுருக்கத்தை வீட்டில் வைத்துக்கொள்வதே ரஷ்ய வழக்கம். இந்தியாவில் நடாஷா, தான்யா, சோனியா ஆகியவை முழுப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன. அதில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன். ரஷ்யர் ஒருவர் சான்றிதழைப் பார்த்தால் ‘அம்மு’ என்று கடவுச்சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்த நம்மைப் போலப் புன்னகைக்கக்கூடும், அவ்வளவுதான். ஒலி ஒன்றிப்போகும் பெயர்களுக்குப் பொருள் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். ரஷ்யாவின் மாயா நம் மாயை அன்று. அனுஷ்கா என்று நாம் கேட்பது அங்கே அன்னூஷ்கா, அதாவது ஆன்னாவின் கொஞ்சல் வடிவம்.

மூன்றாவதாக, ஒரே பெயரின் இரு எழுத்து வடிவங்களை அங்கே சட்டம் இரண்டாகவே கருதுகிறது. நத்தாலியா வேறு, நத்தால்யா வேறு. ஸோஃபியா வேறு, ஸோஃப்யா வேறு. ரஷ்யாவில் வாழும் குடும்பங்கள் குழந்தை பிறந்த ஒரு மாதத்திற்குள் ஸாக்ஸ் என்னும் பதிவு அலுவலகத்தில் பெயரைத் தெரிவிக்க வேண்டும். அப்போது சொல்லும் வடிவமே பள்ளிச் சான்று முதல் கடவுச்சீட்டு வரை தொடரும். 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பெயரில் எண்களையும், இணைப்புக்கோடு தவிர்த்த பிற குறியீடுகளையும், வசைச் சொற்களையும், பதவிப் பெயர்களையும் தடை செய்திருக்கிறது. 2002இல் பிறந்த மகனுக்கு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீட்டையே பெயராக வைக்கப் பெற்றோர் பல ஆண்டுகள் வழக்காடியதன் பின்னணியில் வந்த திருத்தம் இது.

படிக்கச் செல்லும் தமிழ் மாணவியருக்கு இதன் மறுபக்கம் காத்திருக்கும். நம் கடவுச்சீட்டில் தந்தையின் பெயரே குடும்பப் பெயருக்கான இடத்தில் அமர்ந்திருப்பதால், கயல்விழி என்ற பெண்ணை வருகைப் பதிவின்போது ‘முருகேசன்’ என்று கூப்பிடுவார்கள். முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் போய், என் இடுபெயர் இது, அது தந்தையின் பெயர் என்று சொல்லிவிட்டால் போதும். தந்தைவழிப் பெயரோடு வாழும் மக்களுக்கு அது சட்டென்று புரியும். படிவத்தில் தந்தைவழிப் பெயருக்கான கட்டத்தை வெளிநாட்டவர் வெறுமையாக விட்டுவிடலாம். என்றாவது ஒருநாள் விடுதிக் காப்பாளர் அம்மா ‘கயல்விழி முருகேசனொவ்னா’ என்று நீட்டி முழக்கி அழைத்தால், அவர் கேலி செய்கிறார் என்று வருந்த வேண்டாம். தம் ஊர் முறைப்படி உங்களுக்கு மரியாதை கொடுத்துப் பார்க்கிறார்.